முழு மனதுடன் ஒரு கையெழுத்து

முகைதீன் சார் என்னுடைய ஆய்வுச் சுருக்கத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மூடினார். மறுபடி திறந்தார்.

சட்டக் கல்லூரியில் அவருடைய அறை மாடி வராந்தாவின் கடைசியில் இருந்தது. மின்விசிறிக் காற்றில் என் தாள்கள் எழுந்து எழுந்து படுத்தன. அவர் அவற்றின்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார்.

இருபது வருடம் கோர்ட்டில் நின்றவளுக்கு, ஒருவர் 'நல்லா இருக்கு' என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியாதா? பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஆனா இது ஆய்வு இல்ல, பிராது. நீங்களே கேஸ் போட்டு நீங்களே ஜெயிச்சிட்டீங்க. இதுல கேள்வி எங்க இருக்கு?"

முகைதீன் சார் மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். எல்.எல்.எம். இரண்டாம் வருடத்தில் எழுத வேண்டிய ஆய்வேட்டுக்கு எனக்கு வாய்த்த நெறியாளர். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை. ஆகவே வந்த கோபத்தைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

"கேள்வி தலைப்பிலயே இருக்கே சார்" என்றேன். 'விடுதலைப் பத்திரங்களும் பெண்களின் சட்ட அறியாமையும்' என்று தலைப்பு வைத்திருந்தேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"அறியாமைன்னு தலைப்பிலயே தீர்ப்புச் சொல்லியாச்சு. பெறகு எதுக்கு ஒரு வருஷம் ஊர் ஊரா அலையப் போறீங்க?" என்றார்.

எதற்கு இந்த வேலை

எல்.எல்.எம். சேர்ந்ததைப் பற்றி இந்தத் தொடரில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கே மூன்று கடிதங்கள். 'நாற்பத்தாறு வயதில் எதற்கம்மா?' என்று ஓர் அன்பர் அக்கறையோடு கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

விடுதலைப் பத்திரம் என்பது சிறையிலிருந்து யாரையும் விடுவிப்பதல்ல. குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. அப்பா காலமான பிறகு வயலும் வீடும் பிள்ளைகளுக்கு வரும். மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் பக்கத்தில் விடுதலைப் பத்திரம் எழுதுவது ஜாம்ஜாமென்று நடக்கிறது. அக்காளோ தங்கையோ வந்து கையெழுத்துப் போடுவாள். அண்ணன் தம்பி ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பான். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து எல்லாரும் நேரே ஓட்டலுக்குப் போய் நெய்ரோஸ்ட் சாப்பிடுவார்கள்.

பாளையங்கோட்டையில் என் ஆபீசில் நான் எழுதிக் கொடுத்த இந்தப் பத்திரங்களுக்குக் கணக்கே கிடையாது. ஒருநாள் சும்மா யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. தம்பி தன் பங்கை அக்காளுக்கு விட்டுக்கொடுத்த பத்திரம் ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. ஏன் என்று ஒரு அரிப்பு எடுத்தது. அந்த அரிப்புக்குத்தான் எல்.எல்.எம். போதுமா அன்பரே?

ஆய்வேட்டுக்கு என்ன வேண்டும்

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அரிப்பு மட்டும் போதாது என்று. ஆய்வு வினா வேண்டும், கருதுகோள் வேண்டும், ஏற்கெனவே எழுதியவர்களை எல்லாம் படித்த அத்தாட்சி வேண்டும். அடிக்குறிப்பில் கமா எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு சட்டம். பிறர் எழுதியதை அள்ளிப் போட்டிருக்கிறோமா என்று கம்ப்யூட்டர் துழாவிப் பார்க்கும். நூலகத்தில் உட்கார்ந்தே எழுதினால் ஒரு வகை, மக்களைப் போய்ப் பார்த்து எழுதினால் வேறு வகை. இரண்டாவதற்கு, பேசுகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கடைசியில் 'இது என் சொந்த உழைப்பு' என்று ஓர் உறுதிமொழித் தாள்.

என் குமாஸ்தா ஆறுமுகம் அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கேஸ் கட்டு மாதிரியே இருக்கே" என்றார். மறுநாள் என் குறிப்புகளையெல்லாம் ஒன்றாக வைத்துச் சிவப்பு நாடாவால் கட்டி, மேலட்டையில் 'வக்கீலம்மா எதிர் யுனிவர்சிட்டி' என்று எழுதி அலமாரியில் வைத்திருந்தார். நான் அதை மாற்றச் சொல்லவில்லை. உண்மையில் என் மனநிலை அப்படித்தான் இருந்தது.

முகைதீன் சார் அன்று சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னை ரொம்பப் படுத்தியது.

"உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒண்ணு வேணும் மேடம். அது கிடைச்சதும் வாங்க."

குறுக்கு விசாரணையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பதுதான். தொழிலுக்கு வந்த புதிதில், 'பிறகு ஏன் அங்கே போனீர்கள்?' என்று ஒரு சாட்சியைத் தெரியாத்தனமாகக் கேட்டு, அவர் சொன்ன பதிலில் வழக்கே கவிழ்ந்து, ஒரு வாரம் கோர்ட் கேன்டீன் பக்கம் தலைகாட்டாமல் இருந்தவள் நான். இருபது வருடமாகப் பூட்டி வைத்திருந்த கதவை இந்த மனிதர் திறக்கச் சொல்கிறார்.

தலைப்பிலிருந்து 'அறியாமை'யை எடுத்துவிட்டு, 'விடுதலைப் பத்திரங்களும் பெண்களும்' என்று மட்டும் வைத்தேன். கேள்வி பேசப் பேசக் கிடைக்கும் என்று முகைதீன் சாரைச் சமாதானப்படுத்தி, பத்துப் பெண்களைப் பார்ப்பதாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன்.

எட்டுக் கையெழுத்து

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நானே தயாரித்தேன். அரைமணி நேர வேலை. கம்ப்யூட்டரில் என்னுடைய பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, சொத்து விவரத்தை எடுத்துவிட்டு, ஆய்வு விவரத்தைப் போட்டேன். மேற்படி, கீழ்க்கண்ட, இதன்மூலம் எல்லாம் அப்படியே இருந்தன. 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவுடன், முழு மனதுடன் சம்மதித்துக் கையொப்பமிடுகிறேன்' என்ற வரியும் இருந்தது. இரண்டு பக்கம். ஓட்டை சொல்ல முடியாத படிவம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

சுய உதவிக் குழு நடத்தும் ஒரு தோழி பெயர்களைத் தந்தார். சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறினேன். ஆற்றோடு மேற்கே ஒரு வாரம், கிழக்கே ஒரு வாரம். எட்டுப் பெண்கள் பேசினார்கள். போன இடமெல்லாம் முதலில் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுவேன். எட்டுப் பேரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டார்கள். என்ன ஒத்துழைப்பு என்று மகிழ்ந்துபோனேன்.

சேரன்மகாதேவியில் ஒரு அம்மாள் இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சு அப்படி ஒரு பேச்சு. என் மூன்றாம் அத்தியாயத்தையே அவர் ஒருவரை வைத்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பாதிக்குமேல் எழுதியும்விட்டேன்.

ஒன்பதாவது பெயர் ஏரலில் இருந்தது.

ஏரலில் ஒரு தையல் மெஷின்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கனி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். ஆற்றுப் பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷின். சுவரெல்லாம் ஆணியடித்துத் தைத்த பிளவுஸ்கள் தொங்கின. பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு ஒரு கலர் சோடா வாங்கி வைத்தாள்.

நான் படிவத்தை வாசிக்க ஆரம்பித்ததும் கையை நீட்டினாள்.

"குடுங்க, நானே வாசிக்கேன்."

கழுத்தில் அளவு நாடாவோடு, உதடு அசையாமல், இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். நான் கலரைக் குடித்து முடித்துவிட்டேன். அவள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு தாளை மெஷின்மேல் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் வக்கீலம்மா."

"ஒங்க பேரு எங்கயும் வராது. நான் உறுதி தாரேன்."

"பேருக்காக இல்ல." 'யாருடைய தூண்டுதலும்' என்று தொடங்கும் வரியின்மேல் விரலை வைத்தாள். "இந்த வரிக்குக் கீழ ஏற்கெனவே ஒருக்கா போட்டிருக்கேன்."

"விடுதலைப் பத்திரத்துலயா?"

"ஆமா. நீங்கதான் வாசிச்சீய."

எனக்கு அவளைச் சுத்தமாக நினைவில்லை. முகத்தைப் பார்த்தேன். பெயரை மறுபடி மனதில் ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. "பாளையங்கோட்டைல ஒங்க ஆபீசு. மாடி ஏறுனதும் ஒரு பெரிய காலண்டர். எந்தம்பி ஒங்ககிட்ட வந்து எழுதச் சொல்லியிருந்தான். நான் பச்சச் சேல கட்டியிருந்தேன். நீங்க பாதி வாசிக்கும்போது போன் வந்துச்சு. பேசிட்டு, விட்ட எடத்துலருந்து வாசிச்சீய. பெறகு பென்சில்ல பெருக்கல் போட்டு, 'இங்கன போடுங்க'ன்னீய. போட்டேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு வக்கீல் புத்தி வந்துவிடும். என் பழைய தலைப்பையே கேள்வியாக்கி நீட்டினேன்.

"ஒங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு அப்பம் தெரியாதோ?"

கனி சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீய. டி.வி.ல தெனமும் சொல்லுதான். எனக்குத் தெரியும், எந்தம்பிக்கும் தெரியும். தெரிஞ்சதுனாலதான அவன் ஒங்ககிட்ட வந்தான்?"

"பெறகு ஏன் போட்டீங்க?"

விடை தெரியாமல் நான் கேட்ட கேள்வி. கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"பொங்கப்படிக்காவ" என்றாள்.

எங்கள் பக்கத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக: கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், காய்கறி, மஞ்சள் குலை, கரும்பு எல்லாம் வரும். அதுதான் பொங்கல்படி. அப்பா இருக்கும்வரை அப்பா, பிறகு அண்ணன் தம்பி. எவ்வளவு வந்தது என்பதைவிட வந்ததா என்பதைத்தான் தெரு பார்க்கும்.

"எம் மாமியா வீட்டுல கரும்பக் கொண்டாந்து சாத்தும்போது நாலு பேரு பாப்பாவ. இவளுக்குப் பின்னால ஆளு இருக்குன்னு தெரியும்லா. வயலக் கேட்டா வயலு கெடைக்கும். ஆனா அந்த வாசலு அடச்சிரும். எனக்கு வாசலுதான் வேணும்னு இருந்துச்சு. நானே யோசிச்சு எடுத்த முடிவு பாத்துக்கிடுங்க."

"அப்படின்னா சம்மதத்தோடதான் போட்டிருக்கீங்க" என்றேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

"போட்டேன்."

"நான் கேட்டிருந்தாலும் போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்." கையில் இருந்த பிளவுஸில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரிஜிஸ்தர் ஆபீசுல கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாவ. தம்பி பக்கத்துல நிக்கான். நான் என்னத்தச் சொல்ல? தலையாட்டிட்டேன். ஒங்க ஆபீசுல தம்பிய ஒரு நிமிசம் வெளிய நிக்கச் சொல்லிட்டு, 'என்னம்மா, சரிதானா?'ன்னு கேட்டிருந்தா, சரின்னு வாயால சொல்லிட்டுப் போட்டிருப்பேன். அவ்வளவுதான்."

கொஞ்சநேரம் மெஷினை ஓட்டினாள். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்க போட்டீயளா? ஒங்க பொறந்த வீட்டுக்கு?"

"போட்டேன்."

"ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

காலிப் பாட்டிலை எடுத்துச் சுவரோரம் வைத்தேன்.

கிளம்பும்போது கனி அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். மார்பு, இடுப்பு என்று யாருடைய அளவோ எழுதியிருந்ததைத் திருப்பி, பின்பக்கத்தில் தானே எழுதினாள். 'நான் சொன்னதை எழுதலாம். என் பேரும் தம்பி பேரும் வரக் கூடாது. எழுதினதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும், போன் பேசாமல்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இதுக்குக் கீழன்னா போடுதேன்."

கேள்வி கிடைத்தது

திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம்வரை நான் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை. பையில் இருந்த எட்டுப் படிவங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேரும் ஒன்றும் கேட்காமல் போட்டது ஒத்துழைப்பு இல்லை. பத்திரத்தில் எப்படிப் போட்டார்களோ அப்படியே போட்டிருக்கிறார்கள். பெருக்கல் குறியைப் பார்த்ததும் கை தானாக வந்திருக்கிறது.

முகைதீன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுப் படிவங்களையும் கனியின் துண்டுத்தாளையும் மேசையில் பரப்பினேன். ஸ்டேப்ளரை நானே தூக்கி வைத்தேன்.

அவர் துண்டுத்தாளைத்தான் முதலில் எடுத்தார். இரண்டு தரம் படித்தார்.

"இதான் மேடம் ஒப்புதல் படிவம்" என்றார்.

"அப்போ அந்த எட்டு?"

"விதிப்படி செல்லும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் கையெழுத்துப் போடுவேன், நீங்க முடிச்சிரலாம்." சிவப்புப் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஆனா கையெழுத்து இருந்தா சம்மதம் இருந்ததா அர்த்தமான்னுதான இப்ப ஒங்க மனசுல ஓடுது? அதுக்கு விடை தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது சார்."

"அப்போ கேள்வி கிடைச்சிருச்சி."

ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து வாரம் இருந்தது. விட்டால் ஒரு வருடம் போய்விடும். கோர்ட்டில் என் வழக்குகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு படித்த வருடம் அது. இன்னொரு வருடத்துக்கு என்னிடம் தெம்பில்லை. எட்டுப் படிவத்தோடு முடித்துவிடலாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் மறுநாளே பஸ் ஏறினேன்.

எட்டுப் பேரிடமும் திரும்பப் போனேன். பென்சிலை எடுத்துப் போகவில்லை. வீட்டு ஆட்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "நீங்க சொன்னதை நான் எழுதலாமா? வேண்டாம்னாலும் எனக்கு வருத்தமில்ல" என்று மட்டும் கேட்டேன். வருத்தமில்லை என்றது பொய். ஆறு பேர் சரி என்றார்கள். அதில் ஒருவர், "அதான் அன்னைக்கே போட்டுட்டேனே, மறுபடி என்னத்துக்கு வந்தீய?" என்று என்னைக் கடிந்துகொண்டு, பிறகு அரைமணி நேரம் யோசித்துச் சரி என்றார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் சேரன்மகாதேவி அம்மாள்.

"அன்னைக்கு நீங்க வக்கீலம்மான்னு போட்டேன்" என்றார். "இப்பக் கேக்கீய, அதனால சொல்லுதேன். வேண்டாம்மா. எடுத்திருங்க."

எடுத்துவிட்டேன். பாதிக்குமேல் எழுதிய மூன்றாம் அத்தியாயத்தை அழிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஆறுமுகம் அண்ணாச்சி பார்த்துவிட்டு, ஏதோ வழக்குத் தோற்றுவிட்டது போலிருக்கிறது என்று டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

தொழில்: குடும்பத்தலைவி

மக்களைப் போய்ப் பார்த்து எழுதும் ஆய்வேட்டில் 'ஆய்வாளரின் நிலை' என்று ஒரு பகுதி உண்டு. எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிற விஷயத்துக்கும் என்ன உறவு என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் முதலில் 'ஆய்வாளர் ஒரு வழக்குரைஞர்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அது போதாது என்று கனியின் கேள்வி சொல்லிக்கொண்டே இருந்தது. என் பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்தேன்.

அப்பா காலமாகி ஆறாம் மாதம் எழுதியது. ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீடு, கொஞ்சம் வயல். தம்பிக்கு விடுதலை செய்து நானே தயாரித்து, நானே அச்சடித்து, நானே கொண்டுபோய்க் கையெழுத்திட்டது. எழுதிய நாளுக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

என் பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், விலாசம் எல்லாம் சரி. அடுத்து, 'தொழில்: குடும்பத்தலைவி' என்று இருந்தது.

அதற்கு முன்னால் வந்த கட்சிக்காரிக்கு எழுதிய பத்திரத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தொழிலை மாற்றவில்லை. ஒரு வக்கீல் தன் சொந்தப் பங்கை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைத் தானே வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னைத் தினமும் கோர்ட் வாசலில் பார்க்கிற சாட்சிகள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. 'முழு மனதுடன்' என்ற வரி மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் நகலை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

இதை எழுத வேண்டுமானால் தம்பியிடம் கேட்க வேண்டும். கனி தன் தம்பியின் பெயர் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் தம்பிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

ஆழ்வார்குறிச்சியில் ஒரு காலை

தம்பி பெயர் சங்கர். இந்தப் பெயரை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருடம்கூடத் தவறாமல் எனக்குப் பொங்கல்படி கொண்டுவருகிறவன். பஸ்ஸில் கரும்பை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு சண்டை போட்டு, பைக்கில் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைவரை வந்த ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு முற்றத்தில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். பத்திர நகலையும் நான் எழுதிய பகுதியையும் நீட்டினேன். குடும்பத்தலைவியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தான்.

"எக்கா, இத மாமாகிட்டக் காட்டுனியா? நீ வச்ச சாம்பார நெனச்சிச் சிரிச்சிருவாரே."

"பேசாம அடுத்ததப் படிலே."

படித்தான். அவன் சிரிப்புப் பையக் குறைந்தது. முடித்துவிட்டுத் தாளை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"நான் ஒன்கிட்டக் கேக்கவே இல்லயாக்கா அன்னைக்கு?"

"இல்லலே."

"நீயே எல்லாம் ரெடி பண்ணிக் கொண்டாந்திட்ட. வக்கீலு, எல்லாம் யோசிச்சிருப்பான்னு நெனச்சேன். அம்மையும் ஒண்ணும் சொல்லல." விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்தான். "நீயும் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."

அது உண்மை. எங்கள் வீட்டில் பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள், அதனால் போட்டேன். சட்டம் படித்ததால் அழகாகத் தட்டச்சுப் பண்ணிப் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்பா முகம் அப்படியே வந்து போயிற்று.

"சரி, இப்பக் கேக்கேன். ஒனக்குச் சம்மதமா?"

கூண்டில் நின்ற எத்தனையோ பேரை 'ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்' என்று அதட்டியிருக்கிறேன். என் வாயில் இரண்டும் வரவில்லை. கனிக்காவது கணக்கு இருந்தது, வயலா வாசலா என்று. நான் அந்தக் கணக்கையே போடவில்லை. இந்த வீட்டு வாசல் எனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று தெரியும். வயல் வேண்டுமா என்று நினைத்துப் பார்த்தால், எனக்கு வேண்டாம் போலவும் இருந்தது. என்னிடம் யாரும் கேட்காதது மட்டும் வலித்தது. அதைக் கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

"தெரியலலே" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. விடைத்தாள் கட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"அப்போ அதயே எழுது. என் பேரப் போட்டுக்கிடு. தெரிஞ்ச அன்னைக்கு எங்கிட்டச் சொல்லு, அதுக்குத் தக்கன செய்வோம்."

மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். 'ஆய்வாளரின் நிலை' ஒரு வரியிலிருந்து மூன்று பக்கமாயிற்று. முகைதீன் சாரின் சிவப்புப் பேனா அந்த மூன்று பக்கத்தில் ஒரு கமாவை மட்டும் திருத்தியது.

கடைசித் தாள்

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். எல்லாம் அச்சாகி, பைண்டிங் கடைக்குப் போகத் தயாராக இருந்தது. பத்துப் பெண்கள் என்று எழுதிக் கொடுத்த இடத்தில் ஏழு பேர்தான். பத்தாவது பெயரைத் தேடிப் போக நேரமே இருக்கவில்லை. ஏன் ஏழு என்பதை 'ஆய்வின் வரம்புகள்' என்ற பகுதியில் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். கனிக்கும் வாசித்துக் காட்டியாகிவிட்டது. போனை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

உறுதிமொழித் தாள் மட்டும் பாக்கி. ஆறுமுகம் அண்ணாச்சி தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார். கீழே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. 'இந்த ஆய்வேடு என் சொந்த உழைப்பில் உருவானது என்று முழு மனதுடன் உறுதி கூறுகிறேன்.'

பல்கலைக்கழகம் தந்த மாதிரியில் 'முழு மனதுடன்' கிடையாது.

"இது எங்கருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"நம்ம எல்லாத்துலயும் போடுறதுதானம்மா. நல்லாத்தான இருக்கு?"

"கேட்டுட்டுல்லா போடணும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யார்ட்டம்மா கேக்கணும்?"

"எங்கிட்டதான்."

என்ன நினைத்தாரோ, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் எதிரில் நின்றார். இருபது வருடமாக என் பக்கத்தில் இருந்து ஆயிரம் தரம் அந்த வரியை அடித்தவர்.

"சரிம்மா, கேக்கேன். முழு மனசோடதான் எழுதினீயளா? அந்த வார்த்தையப் போடட்டுமா?"

கொஞ்சம் யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"போடுங்க அண்ணாச்சி" என்று தாளை வாங்கினேன். பென்சில் குறியை ரப்பரால் அழித்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.